ஓடிக்கொண்டே பாடுகிறவர்கள்

மெலோடிக் ஸ்கேட் பங்க் என்று ஒரு ராக் இசை உண்டு, அசுர வேகமும் கூடப் பாடக்கூடிய மெட்டும் சேர்ந்தது. முதலில் அதன் டிரம்ஸைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்ற எல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

காலால் மிதிக்கும் பெரிய டிரம் கிக், குச்சியால் அடிக்கும் சின்ன டிரம் ஸ்னேர். கிக், ஸ்னேர், கிக், ஸ்னேர் என்று இரண்டும் மாறி மாறி விழும். வாயால் சொல்லிப் பார்த்தால் ‘டுப்ப டுப்ப டுப்ப டுப்ப’ என்று வரும். சாதாரண ராக் பாட்டில் ஒரு ஸ்னேர் அடி விழும் நேரத்துக்குள் இங்கே இரண்டு விழுந்துவிடும். கேட்டுப் பழகாதவர்களுக்கு முதலில் இது வெறும் இரைச்சலாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்து, டிரம்மரின் வலது காலை மட்டும் கவனியுங்கள். நல்ல டிரம்மர் கிக்கை ஒரே சீராக மிதித்துக்கொண்டே போக மாட்டார். நடுவில் ஓர் அடியை இரண்டாக உடைப்பார். கிட்டார் எங்கே அழுத்துகிறதோ அங்கே போய்க் காலும் விழும். அந்த இடத்தில் நம் தலை தானாக ஆடும்.

இப்போது பாடகரைக் கேளுங்கள். அவரிடம் அவசரமே இருக்காது. கீழே நிமிடத்துக்கு 200 அடிக்கு அக்கம்பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போது, மேலே அவர் ஒரே சொல்லை நான்கு அடி, எட்டு அடி என்று நீட்டிப் பாடிக்கொண்டிருப்பார். ரயில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் பக்கத்துத் தண்டவாளம் கண்ணுக்குப் பிடிபடாமல் பறக்கும், தூரத்து மலை மட்டும் மெல்ல நகரும், இல்லையா? மெலோடிக் ஸ்கேட் பங்க் கேட்பது எனக்கு அப்படித்தான் இருக்கிறது. பலர் தண்டவாளத்தை மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இந்தக் கட்டுரை முழுக்க நான் பேச நினைப்பது அந்த மலையைப் பற்றி.

இந்த இசை எனக்கு வந்து சேர்ந்தது ஒரு வீடியோ கேம் வழியாக. என் வயதுக்காரர்கள் நிறையப் பேருக்கு அப்படித்தான். டோனி ஹாக்ஸ் ப்ரோ ஸ்கேட்டர் என்ற ஸ்கேட்போர்டு (சக்கரப் பலகை) கேம் வரிசையின் இரண்டாம் பாகம், 2000இல் வந்தது. அதில் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு நிமிடம்தான் கொடுப்பார்கள். பின்னணியில் கலிஃபோர்னியாவின் பேட் ரிலிஜன் குழுவின் ‘யூ’ ஓடும். அதுவும் கிட்டத்தட்ட அதே இரண்டு நிமிடப் பாட்டு. ஒரு கட்டத்தில் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்க ஆரம்பித்தேன். திரையில் அந்த ஆள் பலகை மேல் சும்மா நின்றுகொண்டிருப்பான், கடிகாரம் இறங்கிக்கொண்டே இருக்கும். அதே ஆட்டத்தில்தான் மில்லன்கோலினின் ‘நோ சிகார்’, லாக்வாகனின் ‘மே 16’ இரண்டையும் முதன்முதலாகக் கேட்டேன். அந்த மூன்று பாட்டுகளைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனதுதான் இத்தனை வருடமும் நான் செய்தது.

ஸ்கேட்போர்டுக்கும் இந்த இசைக்கும் உள்ள உறவு அந்த கேமை விட ரொம்பப் பழையது. கலிஃபோர்னியாவில் தண்ணீர் வற்றிய நீச்சல் குளங்களில் பலகை ஓட்டியவர்களும் பங்க் கச்சேரிகளுக்குப் போனவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள். சான் ஃபிரான்சிஸ்கோவின் த்ராஷர் பத்திரிகை 1983லிருந்தே ‘ஸ்கேட் ராக்’ என்று கேசட் தொகுப்புகள் போட்டது. பின்னால் ஸ்கேட் வீடியோக்கள் வந்தபோது, அந்தப் பாட்டுகள் வானொலியின் தயவே இல்லாமல் உலகம் சுற்றின.

சரி, ரெக்கார்டுகளுக்கு வருகிறேன்.

1988இல் பேட் ரிலிஜன் வெளியிட்ட ‘சஃபர்’. பதினைந்து பாட்டு, மொத்தம் 26 நிமிடம். அட்டையில் ஒரு புறநகர்த் தெரு, அதன் நடுவே உடம்பெல்லாம் தீப்பிடித்து நிற்கும் ஒரு பையன். இதே குழு 1983இல் கீபோர்டுகள் நிறைந்த ஒரு விசித்திரமான ஆல்பம் போட்டு, ரசிகர்கள் கைவிட்டு, கிட்டத்தட்டக் கலைந்தே போயிருந்தது. திரும்ப ஒன்று சேர்ந்து வந்தபோது கொண்டுவந்தது இதை. கிட்டாரிஸ்ட் பிரெட் குரேவிட்ஸ் நடத்திய எபிடாஃப் என்ற சின்ன லேபிளில் (ரெக்கார்டு கம்பெனியில்) வந்தது.

‘சஃபர்’ ஆல்பத்தில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் பின்குரல்கள். பாடகர் கிரெக் கிராஃபின் கோரஸைப் பாடும்போது பின்னால் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்து ‘ஊ’ என்றும் ‘ஆ’ என்றும் எழும். குழுவும் ரசிகர்களும் இதற்கு ‘ஊஸின் ஆஸ்’ என்று ஒரு செல்லப் பெயரே வைத்திருக்கிறார்கள். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்கள். கிராஃபின் ஒரு கசப்பான வாதத்தை வரிவரியாக அடுக்கிக்கொண்டு போகிறார். அகராதியைப் பார்க்க வைக்கும் சொற்கள், மனிதகுலத்தின் மேல் கோபம். அந்தக் குரல்கள் பின்னாலிருந்து வந்ததும் கோபம் அப்படியே இருக்கிறது, ஆனால் அவர் தனியாக இல்லை. அதுவரை ஒருவர் எழுதிய வாதமாக இருந்தது அந்த நொடியில் பலர் கூடிப் பாடும் பாட்டாகிவிடுகிறது. ஆல்பத்தில் இது நடக்கும் ஒவ்வொரு இடமும் எனக்கு மனப்பாடம். இன்னும் அலுக்கவில்லை.

கிராஃபினின் மெட்டுகள் எங்கிருந்து வருகின்றன என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் பிடிபட்டது. 2006இல் அவர் ‘கோல்ட் ஆஸ் தி கிளே’ என்று தனியாக ஓர் ஆல்பம் போட்டார். அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுகளும் அவர் சொந்தமாக எழுதியவையும் கலந்தது. அதைக் கேட்டுவிட்டு ‘சஃபர்’ பக்கம் திரும்பினால், பங்க் என்று நாம் நினைத்திருந்த மெட்டுகளுக்குள் அந்தப் பழைய பாட்டுகளின் நடை அப்படியே தெரிகிறது. குறைவான சுரங்கள், நேரான ஏற்ற இறக்கம், இரண்டு தடவை கேட்டால் யாரும் கூடப் பாடிவிடலாம். டிஸ்டார்ஷன் என்ற கிட்டார் கரகரப்பையும் வேகத்தையும் எடுத்துவிட்டாலும் அவை நிற்கும்.

பங்கின் இன்னும் வேகமான, இன்னும் முரட்டு வடிவமான ஹார்ட்கோரில் மெட்டே கிடையாது, கத்தல்தான் என்று சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் குழு 1982இல் கேசட்டாக மட்டும் வெளியிட்ட அந்த மஞ்சள் அட்டை ஆல்பத்தைக் கேட்டுவிட்டு யாரும் அப்படிச் சொல்ல முடியாது. நான்கு கருப்பினக் கலைஞர்கள், ஜாஸ் ஃப்யூஷன் வாசித்துக்கொண்டிருந்தவர்கள், பங்க் பக்கம் வந்து எல்லோரையும் விட வேகமாக வாசித்தார்கள். வேகமாக வாசிக்க அவர்களுக்குக் கை இருந்தது, அதுதான் வித்தியாசம். பாடகர் ஹெச்.ஆர். ஒரே வரிக்குள் உறுமுவார், கீச்சிடுவார், திடீரென்று இனிமையாக வளைப்பார். நடுநடுவே ரெக்கே பாட்டுகள் வந்து மூச்சுவிட இடம் கொடுக்கும்.

அதே ஊரின் மைனர் த்ரெட் குழு இன்னும் சிக்கனம். ‘ஸ்ட்ரெய்ட் எட்ஜ்’ என்ற பாட்டு ஒரு நிமிடம்கூட ஓடாது. குடிக்காமல், போதை இல்லாமல் இருப்பது என் விருப்பம் என்று ஒரு பையன் சொன்ன அந்தச் சில நொடிகள் ஓர் இயக்கத்துக்கே பெயர் கொடுத்தன. மைனர் த்ரெட்டின் பாடகர் இயன் மெக்கேயும் டிரம்மர் ஜெஃப் நெல்சனும் அதற்கு முன் டீன் ஐடல்ஸ் என்ற குழுவில் இருந்தார்கள். கச்சேரிகளில் கிடைத்த காசைச் செலவழிக்காமல் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்தார்கள். குழு கலைந்தபோது அந்தக் காசில் ஒரு ரெக்கார்டு போட்டார்கள். டிஸ்கார்ட் லேபிள் 1980இல் அப்படித்தான் பிறந்தது. ரெக்கார்டு உறை எப்படிச் செய்வதென்று தெரியாமல், ஏற்கெனவே இருந்த ஓர் உறையைப் பிரித்து, அளவெடுத்து, அதே மாதிரி அச்சடித்து, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெட்டி மடித்து ஒட்டினார்கள். நண்பர்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தரிக்கோலும் பசையுமாக வேலை செய்யும் அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த லேபிளின் பாட்டுகளைக் கேட்கும்போதெல்லாம் அது மனசில் வந்துபோகும்.

மைனர் த்ரெட்டில் வாசித்த பிரையன் பேக்கர் அடுத்து டேக் நாஸ்டி என்ற குழுவைத் தொடங்கினார். 1986இல் வந்த அவர்களின் ‘கேன் ஐ சே’ ஆல்பத்தைத் தயாரித்தவர் இயன் மெக்கே. ஹார்ட்கோரின் வேகத்துக்குள் உடைந்த மனசு ஒன்று வெளிப்படையாகப் பாட ஆரம்பித்தது அங்கேதான் என்பேன். இதே பேக்கர் 1994இல் குரேவிட்ஸ் விட்டுப் போன இடத்தில் பேட் ரிலிஜனில் சேர்ந்தார். கிழக்குக் கரையின் கோபமும் மேற்குக் கரையின் மெட்டும் ஒரே ஆளின் கைவழியாகச் சந்தித்துக்கொண்டன. நியூயார்க் பக்கம் போனால், கொரில்லா பிஸ்கட்ஸ் 1989இல் வெளியிட்ட ‘ஸ்டார்ட் டுடே’ ஒரு டிரம்பெட்டின் ஊதலோடு தொடங்கும். ஹார்ட்கோர் ஆல்பத்தில் டிரம்பெட்! நல்ல செய்தி ஒன்றை ஊருக்கு அறிவிப்பது போல இருக்கும்.

இப்போது டிசெண்டென்ட்ஸ் குழு. இவர்களைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1982இல் வந்த ‘மைலோ கோஸ் டு காலேஜ்’. பாடகர் மைலோ ஆக்கர்மேன் உண்மையிலேயே கல்லூரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், அதனால் ஆல்பத்துக்கு அந்தப் பெயர். அட்டையில் கண்ணாடி போட்டு டை கட்டிய ஒரு கோட்டோவியம், மைலோவின் முகம். தோல் ஜாக்கெட்டும் முறைப்புமாக எல்லோரும் நின்ற காலத்தில், படிக்கிற பையனின் முகத்தை அட்டையில் போட்டார்கள். பதினைந்து பாட்டு, சுமார் 22 நிமிடம். டோனி லொம்பார்டோவின் பேஸைக் (தடித்த கம்பிகளுள்ள கிட்டாரை) கவனியுங்கள். கிட்டாரின் நிழலாகப் பின்னால் நிற்காமல் தனக்கென்று ஒரு மெட்டை வாசித்துக்கொண்டு முன்னால் ஓடும். பில் ஸ்டீவன்சனின் டிரம்ஸ் அதைத் துரத்தும்.

அவர்கள் பாடியது என்ன? பிடித்த பெண் திரும்பிப் பார்க்காதது. அப்பா அம்மாவோடு ஒத்துப்போகாதது. ஒதுக்கப்படுவது. ஹார்ட்கோர் பையன்கள் வெளியே சொல்ல வெட்கப்படும் விஷயங்களை இவர்கள் அதே வேகத்தில் பாடினார்கள். அந்த வேகம் இல்லையென்றால் சொல்லியே இருக்க மாட்டார்கள் என்று தோன்றுகிறது. நேரில் உட்கார்ந்து சொல்ல முடியாததைச் சைக்கிளில் கூடப் போகும்போது முன்னால் பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவோமே, அந்த மாதிரி. சில பாட்டுகளில் அந்த வயதின் முரட்டுத்தனமும் பிறரைக் காயப்படுத்தும் சொற்களும் இருக்கின்றன. அந்த இடங்களில் எனக்கு இன்றும் மனசு சுருங்கும். ஆல்பத்தின் மேல் உள்ள பிரியத்துக்காக அதை இல்லையென்று சொல்ல மாட்டேன்.

மைலோ படித்து உயிரியலில் முனைவர் பட்டம் வாங்கினார், ஆராய்ச்சியாளராகப் பல வருடம் வேலை பார்த்தார், நடுநடுவே வந்து பாடினார். (கிராஃபினும் 2003இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முனைவர் பட்டம் பெற்றார். இந்த இசையின் இரண்டு பெரிய குரல்களும் ஆய்வகத்திலிருந்து வந்தவை என்பது எனக்குத் தீராத சந்தோஷம்.) ஸ்டீவன்சன் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில் ‘பிளாஸ்டிங் ரூம்’ என்ற ஸ்டூடியோவைத் தொடங்கினார். ரைஸ் அகெய்ன்ஸ்ட் குழுவின் ‘தி சஃபரர் அண்ட் தி விட்னஸ்’ போல எத்தனையோ ஆல்பங்கள் அங்கே பதிவாகின. 1982இல் அவர் டிரம்ஸில் கண்டுபிடித்ததை அடுத்த தலைமுறைக்குத் தன் கையாலேயே பதிவு செய்து கொடுத்தார்.

1990இல் நோஎஃப்எக்ஸ் குழுவின் ஃபேட் மைக்கும் எரின் பர்கெட்டும் ஃபேட் ரெக் கார்ட்ஸ் லேபிளைத் தொடங்கினார்கள். அப்புறம் 1994. ஆஃப்ஸ்பிரிங்கின் ‘ஸ்மாஷ்’ எபிடாஃப் என்ற அந்தச் சின்ன லேபிளிலிருந்தே ஒரு கோடிக்கும் மேல் விற்றது. நோஎஃப்எக்ஸின் ‘பங்க் இன் டிரப்ளிக்’கும் அதே வருடம்தான். அந்தக் காலத்தைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, நான் தாண்டிப் போகிறேன்.

‘எல்லாப் பாட்டும் ஒரே மாதிரி இருக்கிறது’ என்ற குறை அந்தக் காலத்து ஆல்பங்கள் மேல் உண்டு. கொஞ்சம் உண்மைதான். அதே பளபளப்பான கிட்டார், அதே டிரம்ஸ் ஒலி, வரிசையாகப் பத்து ஆல்பம் கேட்டால் யாருக்கும் கலங்கும். ஆனால் ஒரே விருத்தத்தில் எழுதிய நூறு பாட்டுகளை யாரும் ஒரே பாட்டு என்று சொல்வதில்லை. சட்டம் ஒன்றாக இருப்பதால்தான் சின்ன வித்தியாசம் பெரிதாகக் கேட்கிறது. ஸ்ட்ரங் அவுட் 1996இல் போட்ட ஆல்பத்தில் இரண்டு கிட்டார்கள் மெட்டல் பாணியில் பின்னிக்கொண்டு ஓடுவதையும், நோ யூஸ் ஃபார் எ நேம் குழுவின் ‘மேக்கிங் ஃபிரெண்ட்ஸ்’ ஆல்பத்தில் ஒரு வரிக்கு ஒரு வரி மெட்டு மேலே ஏறுவதையும் அடுத்தடுத்துக் கேட்டவருக்கு அந்தக் குழப்பமே வராது.

அந்தக் காலத்தில் என் மனசுக்கு மிக நெருக்கமானது லாக்வாகனின் ‘ஹாஸ்’, 1995. டிரம்மர் டெரிக் ப்ளோர்ட் அதில் வாசித்திருப்பதைச் சொல்லித் தீராது. மற்றவர்கள் வேகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவார்கள், இவர் அதன் மேல் உட்கார்ந்து விளையாடுவார். ஒரு சுற்று முடியும் இடத்தில் டாம் டிரம்களில் உருட்டிக்கொண்டு போய், இதோ தாளம் தவறப் போகிறது என்று நாம் நினைக்கும்போது, அடுத்த சுற்றின் முதல் அடியில் சரியாக இறங்குவார். அதற்குப் பிறகு அவர் குழுவை விட்டுப் போனார். 2005இல் இறந்தார். அதே வருடம் லாக்வாகன் அவர் நினைவாக ‘ரிசால்வ்’ ஆல்பத்தை வெளியிட்டது. பாடகர் ஜோயி கேப் அதில் தன் நண்பனைப் பற்றிப் பாடுகிறார், வேகம் குறையாமல். துக்கம் என்றால் மெதுவாகத்தான் பாட வேண்டும் என்று நான் நினைத்திருந்தது அந்த ஆல்பத்தோடு போயிற்று.

கலிஃபோர்னியாவுக்கு வெளியேயும் இது நன்றாக வேர்விட்டது. மில்லன்கோலின் ஸ்வீடனின் ஊரப்ரூ நகரத்துக் குழு. அந்த ஊர்ப் பெயரைப் பிரித்தால் சில்லறைக் காசு, பாலம் என்று பொருள் வரும். 2000இல் வந்த ஆல்பத்துக்கு ‘பென்னிபிரிட்ஜ் பயனியர்ஸ்’ என்று பெயர் வைத்தது அதனால்தான். தயாரித்தவர் குரேவிட்ஸ்.

கனடாவின் மானிடோபாவிலிருந்து வந்த புரோபகாண்டி குழு வேறு ரகம். 1996இல் வந்த ‘லெஸ் டாக், மோர் ராக்’ ஆல்பத்தின் அட்டையிலேயே பாசிச எதிர்ப்பு, பெண்ணியம், ஒருபாலின ஈர்ப்பாளர்கள் பக்கம், விலங்குகள் பக்கம் என்று தங்கள் நிலைப்பாடுகளை அச்சடித்துவிட்டார்கள். பிடிக்காதவர் கடையிலேயே வைத்துவிட்டுப் போகலாம். பாடகர் கிரிஸ் ஹன்னாவின் வரிகள் பாட்டுக்கு அடங்காத நீளம், அதையும் மெட்டுக்குள் எப்படியோ நிறுத்துவார். அதே ஆல்பத்தில் பேஸ் வாசித்த ஜான் கே. சாம்சன் எழுதிப் பாடிய ‘ஆங்கர்லெஸ்’ என்ற சின்னப் பாட்டு இருக்கிறது. அவர் பிறகு விலகி வீக்கர்தன்ஸ் என்ற குழுவைத் தொடங்கி, முதல் ஆல்பத்தில் அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது எனக்கு ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஒன்று தெருவில் ஓடிக்கொண்டே சொன்னது, இன்னொன்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சொன்னது. சொன்ன செய்தி ஒன்றுதான்.

இதை இன்னும் நேராகச் சோதித்துப் பார்க்க ஓர் ஆல்பம் உண்டு. நோ யூஸ் ஃபார் எ நேமின் டோனி ஸ்லையும் லாக்வாகனின் ஜோயி கேப்பும் 2004இல் சேர்ந்து போட்டது, பெயரே ‘அகூஸ்டிக்’. தங்கள் குழுக்களின் பாட்டுகளையே எடுத்து, மென்மையான கிட்டாரோடு பாடியிருக்கிறார்கள். டிரம்ஸின் ஓட்டம் இல்லை. நான் முதலில் சொன்ன அந்தத் தண்டவாளத்தை எடுத்துவிட்டு மலையை மட்டும் காட்டுகிறார்கள். எத்தனை அழகான மெட்டுகள் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. இந்த இசை பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

ஆனால் எனக்கு வேண்டியது வேகமான வடிவம்தான். அகூஸ்டிக்கில் ஸ்லை சோகமாக இருக்கிறார், நாம் கேட்கிறோம். குழுவோடு பாடும்போது அதே சோகத்தை அவர் எங்கோ கொண்டுபோகிறார், நாமும் மூச்சிரைக்க அவரோடு போகிறோம். 2012 ஜூலையில், 41 வயதில், ஸ்லை இறந்தார். மறு வருடம் ஃபேட் ரெக் கார்ட்ஸ் அவருடைய பாட்டுகளைப் பல குழுக்கள் பாடிய தொகுப்பு ஒன்றை வெளியிட்டது. அவர் இறந்த செய்தி வந்த இரவு நான் போட்டது ‘அகூஸ்டிக்’ இல்லை. ‘மேக்கிங் ஃபிரெண்ட்ஸ்’ஸை முதலிலிருந்து கடைசிவரை, முழுச் சத்தத்தில் கேட்டேன்.

பென்னிவைஸின் ‘ப்ரோ ஹிம்’ தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். அனாஹைம் டக்ஸ் ஹாக்கி அணி கோல் போட்டால் அரங்கத்தில் அதைத்தான் போடுவார்கள், கூட்டமே சேர்ந்து ‘ஓ’ பாடும். கலிஃபோர்னியாவின் ஹெர்மோசா பீச் குழு இது. 1991இல் முதல் ஆல்பத்தில் வந்தது அந்தப் பாட்டு. பேஸ் வாசித்த ஜேசன் தெர்ஸ்க், இறந்துபோன நண்பர்களுக்காக எழுதியது. 1996இல் ஜேசனே இறந்துபோனார். அடுத்த வருடம் ‘ஃபுல் சர்க்கிள்’ ஆல்பத்தில் குழு அதே பாட்டைத் திரும்பப் பதிவு செய்தது, இந்தத் தடவை அவருக்காக.

பாட்டு பேஸில்தான் தொடங்கும். ஜேசன் வாசித்த அதே வரி, இப்போது ராண்டி பிராட்பரியின் விரல்களில். பாடகர் ஜிம் லிண்ட்பர்க் இன்னும் வாயைத் திறக்கவில்லை, டிரம்ஸ் இன்னும் ஓட ஆரம்பிக்கவில்லை. சில நொடிகள் அந்தத் தடித்த கம்பிகளின் சத்தம் மட்டும். அப்புறம் சொல்லே இல்லாத அந்த ‘ஓ’ எழும், எத்தனை குரல்கள் என்று எண்ண முடியாது, அதன் பின்னாலேயே ஸ்னேர் வந்து விழும். அந்த பேஸ் தனியாக ஓடும் இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் சத்தத்தைக் கூட்டிவிடுவேன்.